இன்னும் அரை நிமிடம்

நம் மருத்துவமனையின் கதிரியக்கப் பிரிவில் முப்பத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் தலைமை ரேடியோகிராபர் திரு. சிங்காரவேலு அவர்களுக்கு, உடன் பணிபுரிந்தோர் அன்போடு வாசித்தளிக்கும் மடல்.

முகம் காட்டாமல் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் முப்பத்து மூன்று ஆண்டுகள் முனைந்து நின்றவரே! படுத்திருப்பவரின் பெயரை அவர் வாயாலேயே கேட்காமல் பொத்தானைத் தொடாதவரே! பேச வேண்டிய இடத்தில் பின்வாங்காமலும் பேச வேண்டாத இடத்தில் வாய் திறவாமலும் எங்களோடு வாழ்ந்தவரே! வணக்கம்.

விளிகளை இத்துடன் நிறுத்திக்கொள்கிறோம். முதலில் எழுதிய மடலில் பதினேழு விளிகள் இருந்தன. சட்டம் போடக் கொடுப்பதற்கு முன், தேதியிலும் பெயரிலும் பிழை உண்டா என்று பார்த்துத் தரும்படி அதை உங்களிடமே கொடுத்தோம். இரண்டு நாள் நீங்கள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, ஒரு திருத்தமும் செய்யாத தாளை மேசையில் வைத்துவிட்டு ஒன்று மட்டும் சொன்னீர்கள்.

“எல்லையம்மாளைப் போட்டிருக்கீங்க. கண்ணுசாமியைக் காணோமே.”

ஆகவே இது இரண்டாவது மடல். நேருக்கு நேர் நிறுத்தி ‘நீங்கள்’ என்று பேசினால் நீங்கள் தரையையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் இனி ‘அவர்’ என்றே சொல்லிக்கொண்டு போகிறோம். இந்தக் கூட்டத்தில் ஒருவராக உட்கார்ந்து கேளுங்கள்.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்து வருகிறவர்களுக்கு முதலில் எடுப்பது சாதாரண சி.டி. சிந்திய ரத்தம் அதில் வெள்ளையாகத் தெரியும். வெடித்த இடத்தை அறுவை செய்து அடைத்த பிறகும் ஆபத்து முடிந்துவிடுவதில்லை. நாலாம் நாள் தொடங்கி இரண்டு வாரம் வரை, சிந்திய ரத்தத்தின் உறுத்தலில் மற்ற குழாய்கள் சுருங்கிக்கொள்ளக்கூடும். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று பேச்சை நிறுத்துவார். சாதாரண சி.டி.யில் அப்போது புதிதாக எதுவும் தெரியாது. அதற்காகத்தான் பர்ஃப்யூஷன் படம். படத்தில் தெரியக்கூடிய சாய மருந்தைக் கை நரம்பில் வேகமாகச் செலுத்தி, அது மூளைக்குள் எப்போது வருகிறது, எவ்வளவு வருகிறது, எப்போது வெளியேறுகிறது என்று தொடர்ந்து படமெடுக்க வேண்டும். கணினி அதைக் கணக்கிட்டு வண்ணத்தில் காட்டும். உறவினர்கள் இது என்ன என்று கேட்டால் அவருக்கு இவ்வளவு விளக்கம் தேவைப்படாது. ஆற்றில் தண்ணீர் போகிறதா என்று ரத்தக்குழாயைக் காட்டும் ஆஞ்சியோ படம் சொல்லும், வயலுக்குப் பாய்ந்ததா என்று இந்தப் படம் சொல்லும் என்பார். அவருடைய ஒன்றரை மா நிலம் சீர்காழிக்குக் கிழக்கே கடைமடையில் இருக்கிறது. மேட்டூர் திறந்து மற்றவர்கள் நாற்று விட்ட பிறகும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஊர் அது.

ஏழு ஆண்டுகளுக்கு முன் அந்த வசதி நமக்கு வந்தபோது, ஒத்திகை என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தவர் அவர். படமெடுக்கும்போது தலை அசையக்கூடாது. ஆனால் மருந்து ஏறும்போது உடம்பில் பரவும் சூட்டில் பலரும் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கிவிடுவார்கள். ஆகவே மருந்து போடாமல் முதலில் ஒருமுறை அசையாமல் படுக்க வைத்துப் பழக்குவார். “உடம்பு பூரா சூடு ஏறும். படுக்கையிலேயே ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரி இருக்கும். போயிருக்க மாட்டீங்க” என்று எல்லோருக்கும் சொல்வார். நிசமாகவே போய்விட்டால் என்ன செய்வது என்று ஒரு படகுக்காரர் கேட்டிருக்கிறார். துணியை மாற்றிக்கொள்ளலாம், தலை அசைந்தால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும் என்பது அவர் பதில்.

மறுபடி செய்வது அவருக்குப் பிடிக்காது. கதிர்வீச்சு ஒவ்வொரு நொடியும் நோயாளியின் தலையில் ஏறுகிறது என்ற எண்ணம் அவரை விடவே விடாது. முதல் நாற்பது பேரின் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு ஆராய்ந்தார். எழுபத்தைந்து நொடி எடுக்கிறோம், கடைசி அரை நிமிடத்தில் புதிதாக எதுவுமே வருவதில்லை, அந்த அரை நிமிடக் கதிர்வீச்சு வீண் என்று கண்டார். நாற்பத்தைந்து நொடி போதும் என்று எழுதிக் கொடுத்தார். மருத்துவமனையின் கதிர்வீச்சுப் பாதுகாப்புக் குழு ஒப்புக்கொண்டது. கதிர்வீச்சு அளவைக் குறைத்ததற்காக அவர் பெயர் போட்டு ஒரு பாராட்டுச் சான்றிதழ் தந்தார்கள். அது நம் பிரிவின் வாசலில், வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி மாட்டப்பட்டது. எங்களுக்கெல்லாம் பெருமையாக இருந்தது.

அந்த நாற்பது பேரில் இதயம் தளர்ந்தவர் ஒருவர்கூட இல்லை என்பதை அவரும் கவனிக்கவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை.

பதினோரு மாதம் அப்படியே ஓடியது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதக் காலையில் எல்லையம்மாளைக் கொண்டுவந்தார்கள். ஐம்பத்திரண்டு வயது. கடற்கரையூரில் மீன் விற்பவர். மூளைக் குழாய் வெடித்து, அறுவை முடிந்து, ஏழாம் நாள். அதற்கு முந்தைய நாள் வரை பேசியவர் விடிந்ததிலிருந்து பேசவில்லை, வலது கையைத் தூக்கவில்லை. மகன் வெற்றிசெல்வன் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டே வந்தார். “எங்கம்மா சந்தையில நாலு பேர் சத்தத்த ஒரே ஆளா அடக்கும் சார். இப்ப கூப்பிட்டா பாக்குது. பேச மாட்டேங்குது” என்றார்.

நாற்பத்தைந்து நொடி படமெடுத்தார்கள். நரம்பியல் அறுவை மருத்துவர் மோகனப்பிரியா அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். மூளையின் இடது பக்கத்தில் ரத்தம் பாயும் வேகம் குறைவு. அங்கே இருக்கும் ரத்தத்தின் அளவும் குறைவு. வேகம் மட்டும் குறைந்திருந்தால் அந்த இடம் தவிக்கிறது, காப்பாற்றலாம் என்று பொருள். அளவும் குறைந்திருந்தால் பெரும்பாலும் அது போய்விட்டது என்று பொருள். சுருங்கிய குழாய்களை விரிப்பதற்காக ஆஞ்சியோ அறையைத் தயார் செய்யச் சொல்லியிருந்ததை நிறுத்தச் சொல்லிவிட்டு, மகனிடம் பேச மருத்துவர் வெளியே கிளம்பினார்.

எல்லோரும் வண்ணத்தைப் பார்ப்பார்கள். அவர் வண்ணத்துக்கு அடியில் இருக்கும் கோட்டைப் பார்ப்பவர். மருந்து மூளைக்குள் வரும்போது அந்தக் கோடு ஏறும், வெளியேறும்போது இறங்கும். அன்று கோடு மெல்ல ஏறி, உச்சியில் இருக்கும்போதே முடிந்துவிட்டிருந்தது. மூளையில் ரத்தம் சிந்திய அதிர்ச்சியில் சிலருக்கு இதயமும் சில நாள் தளர்ந்துபோகும். எல்லையம்மாளுக்கு அப்படித்தான் ஆகியிருந்தது. மருந்து தாமதமாக வந்தது. வந்து முடிவதற்குள் படம் நின்றுவிட்டது. பாதியை அளந்துவிட்டு, பாதிதான் இருக்கிறது என்று கணினி சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தக் கோட்டைப் பார்த்தபடி அவர் எத்தனை நேரம் பேசாமல் இருந்தார் என்று பக்கத்தில் இருந்த எங்கள் இளம் ரேடியோகிராபர் பாசித்துக்குத் தெரியவில்லை. பத்து நொடி இருக்கலாம். வெகுநேரம் போலிருந்தது என்கிறார். பல மாதம் கழித்துத்தான் அவர் அதைப் பற்றிப் பாசித்திடம் வாய் திறந்தார்.

“அப்ப எனக்கு அந்தம்மா நெனப்பு வரல பாசித். வாசல்ல தொங்குற சான்றிதழ்தான் நெனப்புக்கு வந்துச்சு.”

மருத்துவர் கதவைத் திறந்துவிட்டார். அப்போது அவர் எழுந்தார்.

“நில்லுங்க டாக்டர். இந்தப் படம் தப்பு. தப்பு என்னுது.”

மறுபடி எடுப்பதென்றால் இரண்டாம் முறை மருந்து, சிறுநீரகத்துக்குச் சுமை, அவர் அஞ்சிய கதிர்வீச்சு இன்னொரு பங்கு. எவ்வளவு நேரம் கூடுதலாக வேண்டும் என்று மருத்துவர் கேட்டார். அரை நிமிடம் என்றார். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு மருத்துவர் தலையசைத்தார். மகனிடம் யார் சொல்வது என்ற பேச்சே எழவில்லை. அவரே வெளியே போனார். நேரத்தைக் குறைத்து வைத்தது நான், அது உங்கள் அம்மாவுக்குப் போதவில்லை, இன்னொரு முறை எடுக்க வேண்டும் என்றார்.

“மொதல்லயே சரியா எடுத்திருக்கலாம்ல சார்?”

“எடுத்திருக்கணும் தம்பி.”

வெற்றிசெல்வன் கையெழுத்துப் போட்டார்.

இரண்டாம் முறை எழுபத்தைந்து நொடி. அறுபதைத் தாண்டிய பிறகுதான் கோடு இறங்கியது. கணினி மறுபடி வண்ணம் தீட்டியது. வேகம் குறைவாகவே இருந்தது. ஆனால் ரத்தத்தின் அளவு முழுதாக இருந்தது. அந்த இடம் உயிரோடுதான் இருந்தது. வந்து சேரத்தான் தாமதமாகிறது. கைவிட்டிருந்த ஆஞ்சியோ அறையை மறுபடி திறந்தார்கள். ரத்த அழுத்தத்தை ஏற்றி, சுருங்கிய குழாய்களுக்குள் நேரே விரிக்கும் மருந்து செலுத்தினார்கள். மூன்றாம் நாள் காலை எல்லையம்மாள், கடையை யாரை நம்பி விட்டுவிட்டு வந்தாய் என்று மகனைக் கேட்டார். பதில் பிடிக்காமல் ஏசவும் செய்தார். வார்டு முழுக்கக் கேட்டது என்று செவிலியர் செவ்வந்தி சொன்னார். வலது கையில் இரண்டு விரல் இன்றும் முழுதாக மடங்காது. அதை வைத்துக்கொண்டே மீன் ஆய்கிறார். இன்று இந்தக் கூட்டத்தில் மூன்றாம் வரிசையில் இருக்கிறார்.

எங்கள் முதல் மடல் இந்த இடத்தில் கைதட்டலோடு முடிந்திருந்தது.

ஆனால் அவருக்கு அன்று எதுவும் முடியவில்லை. அன்று மாலையே நேரத்தை எழுபத்தைந்துக்கு மாற்றினார். கடைசி அரை நிமிடத்தில் மட்டும் மூன்று நொடிக்கு ஒரு படம் என்று வைத்தால் கதிர்வீச்சும் பெரிதாக ஏறாது என்று கண்டார். இதை முதலிலேயே யோசித்திருக்கலாம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். வாசலில் தொங்கிய சான்றிதழைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தார். ஆணி மட்டும் நின்றது. பிறகு, அந்தப் பதினோரு மாதத்தில் எல்லையம்மாள் நீங்கலாக நாற்பத்தைந்து நொடியில் படமெடுத்த அறுபத்தொரு பேரின் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். யாரும் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம் அவருக்கு அதற்கே போனது. மூன்று வாரம் ஆயிற்று. ஐம்பத்தெட்டுப் பேரின் கோடு ஒழுங்காக ஏறி ஒழுங்காக இறங்கியிருந்தது. இருவருக்குக் குறைபட்டிருந்தது, ஆனாலும் மருத்துவர்கள் வேறு காரணங்களால் சிகிச்சையைத் தொடர்ந்திருந்தார்கள். மீதி ஒருவர்.

அவர் பெயர் கண்ணுசாமி. அறுபத்தேழு வயது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் குத்தகை நிலம் பயிரிட்டவர். ஏற்கெனவே இதயம் தளர்ந்தவர். எல்லையம்மாளுக்கு ஐந்து மாதம் முன்னால் அதே நோயோடு வந்தவர். அவருடைய கோடு உச்சிக்குக்கூடப் போயிருக்கவில்லை. இடது பக்கம் முழுதும் போய்விட்டது என்று படம் சொல்லியிருந்தது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டாரிடம் சொல்லப்பட்டது. மனைவி மங்களாம்பிகை அவரை வீட்டுக்குக் கூட்டிப்போனார். மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார்.

அந்தப் பதிவை மருத்துவரிடம் கொண்டுபோனபோது மருத்துவர் நெடுநேரம் பார்த்தார்.

“முழுசா எடுத்திருந்தாலும் இவர் பிழைச்சிருப்பார்னு சொல்ல முடியாது சார்.”

“பிழைச்சிருக்க மாட்டார்னு சொல்ல முடியுமா டாக்டர்?”

குழுவுக்கு இருவரும் கையெழுத்திட்டு எழுதினார்கள். குழு கேட்டது, குறித்துக்கொண்டது, புதிய நேரத்தை ஏற்றது. அதோடு விட்டிருக்கலாம். விடச் சொன்னவர்களும் எங்களில் உண்டு. போய்ச் சொல்வதால் அந்த வீட்டுக்கு என்ன ஆகப்போகிறது, ஆறிய புண்ணைக் கிளறுவானேன் என்று கேட்டோம். ஆறியதா என்று நமக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மருத்துவரின் காரில் இருவரும் போனார்கள். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. இருபத்தைந்து நிமிடம். என்ஜின் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. கேட் திறக்காமலே இருந்தால் தேவலை என்று அப்போது நினைத்ததாகப் பின்னால் சொன்னார்.

மங்களாம்பிகை அவர்களை உட்காரச் சொன்னார். மருத்துவர் நோயை விளக்கினார். அவர் படத்தை விளக்கினார். படமெடுக்கும் நேரத்தைக் குறைத்தது தான்தான் என்றும், தன் வயலே கடைமடையில் இருக்கும்போது, தாமதமாக வருகிற தண்ணீரை வரவே வராது என்று எழுதிவிட்ட தப்பு தன்னுடையது என்றும் சொன்னார். அந்தம்மாள் அழவில்லை. ஏசவில்லை. பிறகு கேட்டதை அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

“அப்ப, அவசரப்பட்டு வீட்டுக்குக் கூட்டியாந்தது நான் இல்லியா?”

ஐந்து மாதத்துக்கு மேலாக அந்தத் தெருவில் அப்படித்தான் பேச்சு. உயிரோடு இருந்த மனுஷனை ஆஸ்பத்திரியில் விட்டுவைக்காமல் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள் என்று கொழுந்தன் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கருமாதிக்குப் பிறகு அவர்கள் அந்தம்மாளோடு பேசுவதில்லை.

“நீங்க இல்லம்மா. அவசரப்பட்டது நாங்க.”

“இத எங்கிட்ட சொல்லி என்ன செய்ய. எங்கொழுந்தன் வீட்டுல வந்து சொல்லுங்க.”

நாலு வீடு தள்ளி. அவர் நடந்து போனார், மருத்துவரும் மங்களாம்பிகையும் கூடவே போனார்கள். முற்றத்தில் எட்டுப் பேர் நிற்க, சொன்னதையே மறுபடி முதலிலிருந்து சொன்னார். கண்ணுசாமியின் தம்பி சட்டையைப் பிடிக்காத குறைதான். பேசிய பேச்சை இந்த மடலில் எழுத முடியாது. அவர் நின்று கேட்டார். தம்பி பேசி ஓய்ந்தபோது, உங்கள் அண்ணி செய்தது எங்கள் பேச்சை நம்பியதுதான் என்றார். திரும்பும்போது தம்பியின் மனைவி அந்தம்மாளை உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னதை மருத்துவர் கவனித்திருக்கிறார். அவர் கவனிக்கவில்லை.

உடன் பணிபுரிந்தவர்கள் என்ற முறையில் சொல்ல வேண்டிய மற்றதையும் சொல்லிவிடுகிறோம். முப்பத்து மூன்று ஆண்டுகளில் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. கொரோனா காலத்தில் தொடர்ந்து நாற்பத்தாறு நாள் வீடு போகவில்லை. டீ வாங்கிக் கொடுத்தால் குடிப்பார், தானாக வாங்கித் தந்ததாக யாருக்கும் நினைவில்லை. விடுப்புக் கடிதத்தில் காரணம் எழுதமாட்டார். இவையெல்லாம் முதல் மடலில் அழகாக எழுதப்பட்டிருந்தன.

இனி மறுபடி ‘நீங்கள்’.

முதல் மடலைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் நீங்கள் எங்கே போனீர்கள் என்று அன்று எங்களுக்குத் தெரியாது. பாசித்தின் வண்டியில் நீடாமங்கலம் போயிருக்கிறீர்கள். முதல் நாள் மங்களாம்பிகை மகள் வீட்டுக்குப் போயிருந்தார், மறுநாளும் போனீர்கள். ஒரு கூட்டத்தில் கண்ணுசாமியின் பெயரை வாசிக்கலாமா என்று அவரிடம் கேட்டீர்கள். உங்களைப் பாராட்டுகிற கூட்டம் என்பதையும் மறைக்காமல் சொன்னீர்கள். மங்களாம்பிகை சம்மதித்து, உங்களிடம் ஒன்று கேட்டாராம்.

“பேரச் சொல்லுங்க. எவ்ளோ நேரம் பத்தாமப் போச்சுன்னு அன்னிக்குச் சொன்னீங்க?”

“அரை நிமிஷம்மா.”

“அதையும் சேத்துச் சொல்லுங்க.”

சேர்த்துச் சொல்லிவிட்டோம்.

வாசலில் அந்த ஆணி ஐந்து ஆண்டுகளாகக் காலியாக இருக்கிறது. உங்கள் சம்மதத்தோடு இந்த மடல் அங்கே தொங்கும். பிரதி ஒன்று உங்கள் வீட்டுக்கு. இனி அந்த அறையில் நாற்பத்தைந்தாம் நொடி கடக்கும்போது, கன்சோலில் இருப்பவர் யாராக இருந்தாலும், உங்களை நினைக்காவிட்டாலும் பரவாயில்லை, கண்ணுசாமியை நினைப்பார். கோடு இறங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்.

நோயின்றி, நோவின்றி, நெடுங்காலம் நலமாக வாழ்க. வரும் ஜூனில் மேட்டூர் திறந்தால், இந்த முறை வாய்க்கால் கரையில் நிற்க உங்களுக்கு விடுப்புக் கடிதம் வேண்டியதில்லை. உங்கள் வயலுக்குத் தண்ணீர் தாமதமாகத்தான் வரும். நீங்கள் நிற்பீர்கள்.

என்றும் மாறா அன்புடன்,
கதிரியக்கப் பிரிவு, நரம்பியல் பிரிவுப் பணியாளர்கள்,
தஞ்சாவூர்.
மே மாதம் முப்பத்தொன்றாம் நாள்.